வண்டியின் சொந்தக்காரி

— இல்ல மேடம், மொதல்ல இதுக்கு பதில் சொல்லுங்க. நீங்க என்னைத் தேடி வந்துட்டீங்கன்னா, அந்தாளும் வருவாருல்ல?

— நான் உங்களத் தேடி வரலம்மா. பெண்கள் விடுதி வார்டன்தான் இடம் சொன்னாங்க. அதுவும் லேசுல சொல்லல. என் அடையாள அட்டைய வாங்கி வெச்சுக்கிட்டு, தலைமை ஆபீசுக்கு போன் போட்டு, இப்படி ஒருத்தி இருக்காளா, கண்ணாடி போட்டிருப்பாளா, குரல் கரகரன்னு இருக்குமான்னு எல்லாம் கேட்டு, அப்புறம் உங்களக் கேட்டு, நீங்க சரின்னப்புறம்தான் வாயத் தொறந்தாங்க. என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்ககூட என்னைப் பத்தி இவ்வளவு விசாரிக்கல.

— சரின்னு சொன்னேன், இல்லைன்னு சொல்லல. ஆனா காலைல இருந்து தைக்கற ஓரம் நேரா வரமாட்டேங்குது. நீங்க மட்டும் யூனிஃபார்ம்ல வந்திருந்தா பின்வாசல் வழியா போயிருப்பேன், பாத்துக்கோங்க.

— அதுக்குத்தான் சாதாத் துணில வந்தேன். காரையும் ரெண்டு தெரு தள்ளி விட்டுட்டு நடந்தேன். முட்டி ரெண்டும் என்னைத் திட்டுது. உக்காரலாமா?

— ஐயோ, உக்காருங்க. அந்த ஸ்டூல் வேணாம், கால் ஆடும். இந்தப் பெட்ஷீட் கட்டு மேல உக்காருங்க. பரவால்ல, ஆஸ்பத்திரிக்குப் போறதுதான், எப்படியும் துவைச்சுத்தான் விரிப்பாங்க. சாப்பாட்டு மணி முடியறதுக்குள்ள பேசிடணும். மத்தவங்க எல்லாம் வந்துட்டா மெஷின் சத்தத்துல ஒன்னும் கேக்காது.

— இருங்க, வரிசையா வரேன். நான் போலீஸ்தான், ஆனா உங்க வீட்டுக்காரர் ஸ்டேஷன் இல்ல. அவர் மாவட்டமும் இல்ல.

— வீட்டுக்காரர்னு சொல்லாதீங்க மேடம்.

— எஸ்.ஐ.ன்னே சொல்றேன். நான் தலைமை ஆபீஸ்ல தணிக்கை. போலீஸ்காரங்க என்ன பண்றாங்கன்னு பாக்கற போலீஸ். டிபார்ட்மெண்ட்ல எங்களுக்கு ஒரு செல்லப் பேர் உண்டு, அத உங்க முன்னாடி சொல்ல முடியாது.

— நான் கையெழுத்து எதுவும் போடமாட்டேன். மொதல்லயே சொல்லிடறேன். பேசச் சொன்னா பேசறேன். காகிதத்துல என் பேரு, இப்ப இருக்கற இடம், எதுவும் வரக்கூடாது.

— இப்போதைக்கு காகிதத்தையே வெளிய எடுக்கல. ஒன்னே ஒன்னு. என் உள்ளங்கைல எழுதியிருக்கேன், பாருங்க. இந்த வண்டி நம்பர் யாருது?

— என்னுது. என் ஸ்கூட்டர்.

— எங்க இருக்கு அது?

— தெரியாது.

— வித்துட்டீங்களா?

— விக்கல. சாவிய ஒருத்தர் மூஞ்சில விட்டெறிஞ்சிட்டு வந்தேன்.

— யார் மூஞ்சில?

— எங்க அண்ணன். கூடப்பொறந்த அண்ணன்.

— மேல சொல்லுங்க.

— என்னத்தச் சொல்றது? நான் அந்தாள விட்டு வெளிய வந்து ரெண்டு வருஷம் ஆகப்போகுது. வரும்போது எடுத்துக்கிட்டு வந்தது அந்த ஸ்கூட்டர் ஒன்னுதான். அதுவும் அண்ணன் வாங்கிக் குடுத்தது. கல்யாணம் ஆனப்ப, யாரையும் எதிர்பார்க்காம போயிட்டு வான்னு சொல்லிக் குடுத்தாரு.

— எஸ்.ஐ. அடிப்பாரா?

— அடிச்சிருந்தா காட்டறதுக்கு ஏதாவது இருந்திருக்கும். கடைக்குப் போனா ஏன் இவ்வளவு நேரம்பாரு. வெளிய பூட்டிட்டு டூட்டிக்குப் போவாரு. ஒரு நாள் கதவு என் கை மேல சாத்துச்சு. சாத்துச்சுன்னுதான் ஆஸ்பத்திரில எழுதினாங்க, சாத்தினாருன்னு எழுதல. இந்த விரல் மடங்காது, பாருங்க. துணி தள்றதுக்கு இது வேணாம், அது ஒரு அதிர்ஷ்டம்.

— அப்புறம் எங்க போனீங்க?

— மொதல்ல ஒரு பேக்கரிக்கு மேல ரூம். அண்ணன்தான் பாத்துக் குடுத்தாரு. வேற ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. அங்கிருந்தே ஒரு தையல் கடைக்கு வேலைக்குப் போயிட்டு வந்தேன். ஒரு வாரம்கூட ஆகல. கடைக்கு எதிர்ல டீ குடிச்சிக்கிட்டு நிக்கறாரு அந்தாளு. கிட்ட வரல, பேசல. என்னைப் பாத்து டம்ளரத் தூக்கிக் காட்டிச் சிரிச்சாரு, அவ்வளவுதான். 

— உடனே மாறிட்டீங்க.

— விடுதிக்குப் போனேன், உங்களுக்கு இடம் சொன்ன அதே வார்டன் அம்மாகிட்ட. அண்ணனுக்கு மட்டும் சொன்னேன். அங்கயும் கேட்டுக்கு எதிர்ல வந்து நின்னாரு. அப்புறம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி தனி வீடு. அதுவும் அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும், பெட்டி தூக்கினதே அவருதானே. ஒரு நாள் வேலை முடிஞ்சு வரேன், உள்ள விளக்கு எரியுது. நாற்காலில உக்காந்திருக்காரு. போலீஸ்னு சொன்னதும் ஹவுஸ் ஓனர் சாவியக் குடுத்துட்டாரு. கொடில காயப்போட்ட என் துணியெல்லாம் எடுத்து மடிச்சு, கட்டில் மேல அடுக்கி வெச்சிருக்காரு. அழகா. ஒரு சுருக்கம் இல்ல.

— என்ன சொன்னாரு?

— "வீட்டுக்கு வரும்போது இதையெல்லாம் மறக்காம எடுத்துட்டு வா"ன்னாரு. எந்திரிச்சுப் போயிட்டாரு. இப்பவும் யாராவது துணி மடிச்சு அடுக்கறதப் பாத்தா எந்திரிச்சு வெளிய போயிடுவேன். நான் பண்ற வேலையோ இது.

— புகார் குடுத்தீங்களா?

— யார்கிட்ட மேடம்? ஸ்டேஷன்ல போயி, சார், உங்க எஸ்.ஐ. என் துணிய மடிச்சு வெச்சுட்டாருன்னா சொல்றது?

— நியாயம்தான்.

— அன்னிக்குத்தான் உக்காந்து யோசிச்சேன். மூணு இடம். மூணும் தெரிஞ்சது ஒரே ஒரு ஆளுக்கு. அப்ப யாரு சொல்லியிருக்க முடியும்? மறுநாளே அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி நிக்கறாங்க, புள்ளைங்க நிக்குது, அக்கம்பக்கம் எல்லாம் எட்டிப் பாக்குது. எதையும் பாக்கல நான். தெரு நாறற மாதிரி கத்தினேன். "எவ்வளவுக்கு என்னை வித்தே"ன்னு கேட்டேன், பாத்துக்கோங்க. பெத்தவங்க போனப்புறம் என்னைத் தூக்கி வளத்தவர.

— அவரு என்ன சொன்னாரு?

— "நான் சொல்லலம்மா"ன்னாரு. அதோட சரி. எங்க அண்ணன் வாயத் தொறக்கவே காசு கேக்கற ஆளு. கேஸ் சிலிண்டர் போடற வேலை. மாடி மாடியா ஏறி இறங்குவாரு, ஒரு வீட்ல ஒரு வார்த்தை அதிகம் பேசமாட்டாரு. அன்னிக்காவது பேசியிருக்கலாம். "நீ சொல்லலன்னா காத்து வந்து சொல்லிச்சா"ன்னு கேட்டேன்.  சாவிய எடுத்து மூஞ்சில விட்டெறிஞ்சேன். "நீ வாங்கிக் குடுத்த வண்டி, நீயே ஓட்டிக்கிட்டுப் போயி மிச்சத்தையும் அவருகிட்ட சொல்லு"ன்னேன். ஹெல்மெட்டு, மழைக்கோட்டு எல்லாம் அதுலயே கிடந்துச்சு. தெருமுனைக்கு வந்தேன், மேற்கே போற பஸ் நின்னுச்சு, ஏறிட்டேன். கடைசி ஸ்டாப்பு இந்த ஊரு.

— அதுக்கப்புறம் எஸ்.ஐ. வரவே இல்ல.

— வரல! ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, நிழல்கூடப் படல. அப்ப கணக்கு சரியாப் போச்சா இல்லையா? அண்ணனுக்கு நான் இருக்கற இடம் தெரியல, அந்தாளும் வரல.

— கணக்கு சரிதாம்மா. ஆனா அன்னிக்கு நீங்க கழிச்சது ஒன்ன இல்ல, ரெண்டு. அண்ணனக் கழிச்சீங்க. வண்டியையும் கழிச்சீங்க.

— புரியல மேடம்.

— நீங்க பஸ்ல வந்த வழில, ஊர் எல்லைக்கு எல்லை ஒரு கம்பம் நிக்கும், பாத்திருக்கீங்களா? மேல சின்னதா ஒரு கறுப்புப் பெட்டி.

— வேகமா போறவங்களப் பிடிக்கறதுதானே?

— எல்லாரும் அப்படித்தான் நெனைக்கறாங்க. அது வேகத்தப் பாக்கறதே இல்ல. நம்பரப் படிக்கும். போற வர ஒவ்வொரு வண்டியையும். திருடன் வண்டி, டாக்டர் வண்டி, கல்யாணத்துக்குப் போற வண்டி, எல்லாத்தையும் படம் எடுத்து, எந்த இடம், எத்தன மணின்னு போட்டு வெச்சுக்கும். இந்த மாவட்டத்துல ஒவ்வொரு ஊர் ஸ்டேஷனும் தனித்தனியா வாங்கி மாட்டினாங்க. அப்புறம் எல்லாத்தையும் ஒன்னா இணைச்சுட்டாங்க. இப்ப ஒரு குட்டி ஊர் ஸ்டேஷன்ல உக்காந்துக்கிட்டு ஒரு நம்பரத் தட்டினா, மாவட்டம் முழுக்க அது எங்கெங்க போச்சுன்னு வந்து விழும்.

— யாரு வேணும்னாலும் தட்டலாமா?

— காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல ஏதாவது எழுதினாத்தான் தேடும். எஸ்.ஐ. உங்க நம்பருக்கு "திருட்டு வண்டி"ன்னு எழுதியிருக்காரு. கொஞ்ச நாள்ல அதுவும் சலிச்சுப் போச்சு போல. வெறும் புள்ளி.

— புள்ளியா?

— ஒரு புள்ளி வெச்சிருக்காரு. அதுக்கே கதவு தொறந்துக்கிச்சு. ஏன் புள்ளின்னு கேக்க ஆளில்ல. நாங்க போயி பழசெல்லாம் தோண்டற வரைக்கும். ஒரு ஆளு, ஒரு நம்பர், காலைல டூட்டிக்கு வந்ததும் அதத்தான் தட்டியிருக்காரு, மத்தவங்க பேப்பர் பாக்கற மாதிரி.

— அப்ப... பேக்கரி ரூம்... விடுதி...

— ஸ்கூட்டர் போற வழி, திரும்பற வழி. கடைசியா எந்தக் கம்பத்தத் தாண்டிச்சு, அடுத்த கம்பத்துல வரலன்னா நடுவுலதான் எங்கயோ நிக்குதுன்னு அர்த்தம். மிச்சத்துக்கு நாலு தெரு சுத்தினா போதும்.

— அப்ப அண்ணன் சொல்லல.

— சொல்லலம்மா.

— கொஞ்சம் இருங்க மேடம். தண்ணி குடிச்சிட்டு வரேன்.

— மெதுவா குடிங்க.

— கேமராவ எடுத்து எறிஞ்சா என்ன மேடம்? எதுக்கு அது?

— போன மாசம் ஞாபகம் தப்பின ஒரு பெரியவர் காரை எடுத்துக்கிட்டு எங்கயோ போயிட்டாரு. அந்தக் கேமராதான் கண்டுபிடிச்சுக் குடுத்துச்சு. அவரு மக எங்க ஆபீசுக்கு வந்து அழுதுட்டுப் போனா. நான் இந்த வேலைல முப்பது வருஷமா இருக்கேன், அது நல்லதா கெட்டதான்னு கேட்டீங்கன்னா எனக்கே ராத்திரி தூக்கம் வராது. இருங்க, இன்னும் நான் வந்த விஷயத்துக்கே வரல.

— இதவிட என்ன இருக்கு?

— நீங்க வண்டிய விட்டுட்டு வந்தப்புறமும் எஸ்.ஐ. அந்த நம்பரத் தேடறத நிறுத்தல. அந்த வண்டியும் ஓடறத நிறுத்தல. இந்தப் போட்டோவப் பாருங்க. கேமரா எடுத்ததுதான். இது நீங்களா?

— என் ஹெல்மெட். ஊதா கலரு, பின்னாடி பூ ஒட்டினது நான்தான். கோட்டும் என்னுது. ஆனா நான் இல்ல.

— நிச்சயமா?

— தையக்காரிகிட்ட கேக்கறீங்களே. முதுகுல துணி எப்படி இழுத்துப் பிடிச்சிருக்கு பாருங்க, அக்குள்ல தையலே விட்டுப் போச்சு. கை முழங்கை வரைக்கும்தான் வருது. என் அளவுக்கு ரெண்டு மடங்கு ஆளு. இடது தோள் எறங்கி இருக்கு. இது... சிலிண்டர் தூக்கி எறங்கின தோள். மேடம், இது எங்க அண்ணன்.

— நானும் அப்படித்தான் நெனைச்சேன். நீங்க சொல்லிக் கேக்கணும்னு இருந்தேன்.

— ஐயோ, அந்த ஹெல்மெட் அவரு தலைக்குப் பத்தவே பத்தாது. நெத்தியெல்லாம் தடம் விழுந்திருக்கும். பூப்போட்ட ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டு... எதுக்கு மேடம்? பொம்பள கோட்டப் போட்டுக்கிட்டு எதுக்கு ரோட்டுல சுத்தணும்?

— உங்க அண்ணி சொன்னதச் சொல்றேன். நீங்க சாவிய எறிஞ்சிட்டுப் போன மறுநாள், எஸ்.ஐ. அவங்க வீட்டுக்கு வந்திருக்காரு. "எங்க அவ? வண்டி இங்கதானே நிக்குது"ன்னு கேட்டிருக்காரு. ஆனா வண்டி எங்க இருந்துச்சு தெரியுமா? வீட்டுக்குப் பின்னாடி, தகரக் கொட்டகைக்குள்ள, சாக்குப் போட்டு மூடி. தெருவுலேர்ந்து எட்டிப் பாத்தாலும் தெரியாது.

— பின்ன அந்தாளுக்கு எப்படி...

— அதே கேள்விதான் உங்க அண்ணனுக்கும். ரெண்டு நாள் சோறு இறங்காம, ஊர் எல்லைல அந்தக் கம்பத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாராம். அப்புறம் அண்ணிகிட்ட ஒரே ஒரு வார்த்தை: "அவன் அவளத் தேடல. வண்டியத்தான் தேடறான்." அந்த ஞாயித்துக்கிழமையே கொட்டகைலேர்ந்து ஸ்கூட்டர எடுத்துட்டாரு.

— எங்க போனாரு?

— கிழக்கே. உப்பளம் இருக்கற பக்கம், கல் குவாரிப் பக்கம், மாவட்டத்தோட அந்தக் கோடி. சிலிண்டர் வேலை மதியத்தோட முடியுமாமே, அதுக்கப்புறம் கிளம்பியிருக்காரு. ஒரு கேமராவ விடாம எல்லாத்துக்கு முன்னாடியும் போயிருக்காரு. சில இடத்துல திரும்பி வந்து மறுபடியும் போயிருக்காரு, எங்க படத்துல சரியா விழலையோன்னு பயந்துட்டாரு போல. ரெண்டு வாரம் ஒரு ஊர், அப்புறம் வேற ஊர். நீங்க வீடு மாத்தின மாதிரியே.

— நான் எந்தப் பக்கம் போனேன்னு அவருக்குத் தெரியாதே.

— தெருமுனைல எந்த பஸ்ல ஏறினீங்க?

— மேற்கே போற... பின்னாடியே வந்து பாத்துக்கிட்டு நின்னிருக்காரு.

— எஸ்.ஐ.யோட சொந்தக் காரும் அதே கேமராவுல விழுந்திருக்கு. ஸ்கூட்டர் போன ஊருக்கெல்லாம், அடுத்தடுத்த நாள். ஒரு ஊர்ல லாட்ஜ் எடுத்துத் தங்கி, உங்க போட்டோவக் காட்டி தையல் கடை தையல் கடையா விசாரிச்சிருக்காரு. லீவெல்லாம் இதுக்கே செலவு பண்ணியிருக்காரு. அதனாலதான் இங்க வரல.

— ஒரு வருஷமாவா? ஒரு வருஷமா எனக்காக இப்படி...

— ஒரு வருஷத்துக்கு மேல.

— நான் இங்க நிம்மதியா தூங்கினேன் மேடம். விட்டது சனியன்னு நெனைச்சுத் தூங்கினேன். அண்ணன நெனைக்கும்போதெல்லாம் திட்டிக்கிட்டே தூங்கினேன். இப்பவும் ஓட்டறாரா? சொல்லி நிறுத்தச் சொல்லுங்க. அந்தாளு பிடிச்சா விடமாட்டாரு. 

— ரெண்டு மாசமா ஓட்டல.

— என்னாச்சு?

— உயிரோட இருக்காரு. மொதல்ல அதக் காதுல வாங்கிக்கோங்க.

— மேடம், என்னாச்சு?

— குவாரிக்குப் போற பாலத்துல எஸ்.ஐ. ரெண்டு கான்ஸ்டபிளோட காத்திருந்து வண்டிய மறிச்சிருக்காரு. நீங்கதான்னு நெனைச்சு; நம்பரையும் ஊதா ஹெல்மெட்டையும் தாண்டி அவரு படத்தப் பாக்கவே இல்ல. ஹெல்மெட்டக் கழட்டினா உங்க அண்ணன். அங்க என்ன நடந்துச்சுன்னு உங்க அண்ணனும் சொல்லல, கான்ஸ்டபிளுங்களும் சொல்லல. ஜெயில் டாக்டர் சீட்டுல மட்டும் விலா எலும்பு முறிவுன்னு இருக்கு.

— ஜெயிலா? என்ன தப்பு பண்ணாரு அவரு?

— திருட்டு வண்டி. எஸ்.ஐ. ஏற்கனவே கட்டத்துல எழுதி வெச்சிருந்தாரே, அதே வார்த்தை. ஆனா அது சின்ன கேசு. பெருசு வேற. வண்டியோட சொந்தக்காரிய ஒரு வருஷத்துக்கு மேல யாரும் பாக்கல. அவங்க கோட்டும் ஹெல்மெட்டும் இவர் மேல இருக்கு. கடைசியா அந்தப் பொண்ணப் பாத்தது எங்க? இவர் வீட்டு வாசல்ல, பெரிய சண்டை, அக்கம்பக்கம் அத்தன பேரும் சாட்சி. அப்புறம் அவ எங்க போனான்னு ஒருத்தருக்கும் தெரியல.

— மேடம்...

— வீட்டுக்குப் பின்னாடி கொட்டகைய இடிச்சு, தோட்டம் முழுக்கத் தோண்டிட்டாங்க.

— எதத் தேடி?

— உங்களத்தான்.

— நான் இங்க இருக்கேனே மேடம்! பேப்பர் வாங்கறதில்ல, டிவி இல்ல, இந்தப் பட்டன் போனும் வார்டன் அம்மாவுக்கு மட்டும்தான். எனக்கு ஒன்னும் தெரியலையே. நான் இங்க உக்காந்து ஓரம் மடிச்சுக்கிட்டிருக்கேன், அங்க என்னைத் தேடி மண்ணத் தோண்டறாங்களா?

— அழுதுக்கோங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்.

— அழுகை எங்க வருது. நான் என்ன பண்ணணும்னு சொல்லுங்க.

— இருங்க. நான் சொல்றத முழுசாக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. அவசரப்படுத்தி கூட்டிட்டுப் போனேன்னு நாளைக்கு நீங்க என்னைத் திட்டக் கூடாது. எஸ்.ஐ.ய சஸ்பெண்ட் பண்ணியாச்சு. கம்ப்யூட்டர்ல அவரு இனிமே தட்ட முடியாது. ஆனா ஆளு வெளியதான் இருக்காரு. அவருக்கு ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் கூட்டாளி இருக்கான். நீங்க கோர்ட்டுக்கு வந்தா உங்களப் பாப்பாரு. உங்க விலாசத்த மூடி வெக்கச் சொல்லி எழுதிக் கேப்பேன், கிடைக்கும்னு சத்தியம் பண்ணமாட்டேன். இந்த ஊரையும் இந்த வேலையையும் மறுபடி விட வேண்டி வரலாம்.

— கையெழுத்து எங்க போடணும்?

— கையெழுத்து பத்தாதும்மா. போலிக் கையெழுத்துன்னு அவங்க வக்கீல் சொல்லுவாரு. ஆளா வந்து நிக்கணும்.

— நிக்கறேன். எப்ப?

— நாளைக்குக் காலைல கேஸ் வருது. இப்ப கிளம்பினா சாயங்காலத்துக்குள்ள போயிடலாம், எங்க ஆபீஸ் விடுதில தங்கலாம். ஆனா யோசிச்சுக்கோங்க.

— யோசிச்சுத்தானே மேடம் அண்ணன அந்தப் பேச்சு பேசினேன். போதும் யோசிச்சது. முதலாளியம்மாகிட்ட ரெண்டு வார்த்தை சொல்லிட்டு வரேன், மெஷினுக்குத் துணி போட்டு மூடிடறேன். அண்ணி எப்படி இருக்காங்க?

— நீங்களே கேளுங்க. ரிங் போகுது. இந்தாங்க.

— ஐயோ, வேணாம் மேடம், அவங்க என்கிட்ட பேசமாட்டாங்க...

— ஹலோ? யாரு?

— அண்ணி.

— யாரு பேசறது?

— அண்ணி, நாந்தான்.

— அடியே! எங்கடி இருக்க? இல்ல, வேணாம், சொல்லாத. போன்ல எதையும் சொல்லாத. நல்லா இருக்கியா, அத மட்டும் சொல்லு.

— நல்லா இருக்கேன் அண்ணி.

— வேளைக்குச் சாப்பிடறியா?

— சாப்பிடறேன். அண்ணி, நீங்க திட்டுவீங்கன்னு நெனைச்சேன்.

— திட்டத்தான் போறேன். நேர்ல பாத்து நல்லாத் திட்டறேன், மிச்சம் வெச்சிருக்கேன். உன்னால எத்தன ராத்திரி இவர்கிட்ட சண்ட போட்டிருக்கேன் தெரியுமாடி? பொம்பள கோட்ட மாட்டிக்கிட்டு எங்கய்யா போறேன்னு கேட்டா, காத்து வாங்கப் போறேன்பாரு.

— என் மேல சந்தேகமே வரலியா உங்களுக்கு, நான் செத்துட்டேனோன்னு?

— வந்துச்சு. அவங்க தோட்டத்தத் தோண்டும்போது நான் ஜன்னல்ல நின்னு பாத்தேன்டி. கட்டினவர் மேல நம்பிக்கை இருக்கு, ஆனாலும் ஒவ்வொரு மண்வெட்டிக்கும் எனக்கு உசுரு போயி உசுரு வந்துச்சு. பொய் சொல்லமாட்டேன்.

— நாளைக்கு நான் வரேன் அண்ணி. மேடம் கூட்டிட்டு வராங்க. கோர்ட்டுல வந்து நிக்கறேன்.

— அவன் அங்க நிப்பான்டி. ஒவ்வொரு தடவையும் வந்து நிக்கறான்.

— நிக்கட்டும் அண்ணி.

— பயமா இல்லியா உனக்கு?

— பயமாத்தான் இருக்கு. அண்ணி, ஒன்னு கேக்கணும். மறைக்காம சொல்லுங்க. அண்ணனுக்கு என் மேல கோபமா?

— ஏன்டி?

— அன்னிக்கு நான் பேசின பேச்சுக்கு கோபப்பட்டாலும் தப்பில்ல. "இது என் தங்கச்சி வண்டி, அவதான் சாவி குடுத்தா, தேடிக் கூட்டிட்டு வாங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே விட்டிருப்பாங்களே. ரெண்டு மாசமா விலா எலும்பு ஒடைஞ்சு உள்ள கிடக்காரே. என் பேர எடுக்கறதுக்கே அவருக்குப் பிடிக்கலையா?

— தேடச் சொன்னா யாருடி தேடுவா? அந்த ஸ்டேஷனுக்குத்தானே உத்தரவு போகும். அவன் கையாலயே, கோர்ட்டு முத்திரையோட. அதையும் கேட்டாங்க. நான் பெஞ்சுல உக்காந்திருந்தேன். "இந்த வண்டிக்குச் சொந்தக்காரி உன் தங்கச்சிதானே, எங்க அவ, சொல்லு, ஊர் ஊரா ஆள் விட்டுத் தேடச் சொல்றேன், உனக்குத்தான் நல்லது"ன்னு ஜட்ஜம்மா நல்லவிதமாத்தான் கேட்டாங்க. பின்னாடி கதவோரம் அவன் நின்னுக்கிட்டிருந்தான். உங்க அண்ணன் அவனத் திரும்பிப் பாத்தாரு. அப்புறம் ஒன்னு சொன்னாரு. வண்டி புக்குல இருக்கற அப்பா பேரும் உன் அப்பா பேரும் ஒன்னா இருக்கேய்யான்னு ஜட்ஜம்மா அதட்டினாங்க. நம்ம வக்கீலே தலைல அடிச்சுக்கிட்டாரு. அதட்டி அதட்டிக் கேட்டாங்கடி, ஒவ்வொரு தடவையும் கையக் கட்டிக்கிட்டு அதையேதான் சொன்னாரு: "எனக்குத் தங்கச்சியே கிடையாதுங்க."